நாக்குக்கு அடியில்

முதலில் துரைக்கண்ணுவுக்குத் துரோகம் செய்தவன் வேதகிரி. கூடப் பிறந்த தம்பி. மற்றவர்கள் எல்லாம் அதற்கப்புறம் வந்து வரிசையில் நின்றவர்கள். போலீஸ்காரர்கள் அடித்தார்கள், அது அவர்கள் வேலை. வக்கீல் இவர் முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் இவரைப் பற்றிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசினார், அது அவர் பிழைப்பு. பெண்டாட்டி தாய் வீட்டுக்குப் போனவள் போனவள்தான், அவளைக்கூட மனசு ஒரு மாதிரி விட்டுவிட்டது. வேதகிரியை மட்டும் விடவில்லை. கோர்ட்டில் கூண்டுக்குள் ஏறி, இஸ்திரி போட்ட சட்டையோடு கையைக் கட்டிக்கொண்டு நின்று, நீதிபதி கேட்டதும் கொஞ்சம்கூட யோசிக்காமல், "எங்க அண்ணன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தாங்க ஐயா" என்று சொன்னானே, அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல்தான் உன் கழுத்துக்கு வர இருந்த கயிற்றை எடுத்தது என்று வக்கீலின் குமாஸ்தா அப்புறம் வந்து சொன்னான். எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் சின்ன வயசிலிருந்தே என்றால் என்ன? அப்படியானால் அரிசி மில்லில் பாய்லர் பார்த்தது யார்? உமியைத் தள்ளித் தள்ளி நெருப்பை ஒரே சீராக வைத்து, அவ்வளவு நெல்லை அவித்துக் களத்தில் கொட்டியது யார்? வேதகிரி புளியமரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கிடந்தபோது, மழைக்காலம் பூராவும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டு, மணி அடித்ததும் திரும்பத் தூக்கி வந்தது யார்? பைத்தியமா தூக்கியது? பைத்தியத்தின் தோளிலா உட்கார்ந்து போனாய், ரெண்டு காதையும் பிடித்துக்கொண்டு? இவர் ஐந்தாவதோடு நின்றார், அவன் பத்தாவது வரை போனான். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பாயில் நடுவாக உட்கார்ந்து பேசி முடித்தது யார்? பைத்தியத்தின் பேச்சைக் கேட்டா அவர்கள் பெண் கொடுத்தார்கள்? அந்தச் சொல்லை அவன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அதுக்கு முன்னால எங்க அண்ணன் நல்லாத்தான் இருந்தாரு என்று, இன்னொரு மனுஷன் காதில் விழும்படி, ஒரு தரம் சொல்ல வேண்டும். அது அவன் இவருக்குத் தர வேண்டியது.

இன்றைக்கு அவன் வருகிறான். வந்தால் இவர் வெளியே போகலாம், வராவிட்டால் போக முடியாது, அவ்வளவுதான் விஷயம். கூட்டிப்போக ரத்த சொந்தத்தில் ஒருவர் வந்து, இந்த ஆளால் இந்த ஆளுக்கோ மற்றவர்களுக்கோ ஒரு கெடுதலும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டால்தான் இந்த இரும்புக் கதவு திறக்கும். வார்டுக்குள் டாக்டரம்மா அறைக்கு எதிரே போட்டிருந்த பெஞ்சில் துரைக்கண்ணு காலையில் கஞ்சி குடித்ததும் வந்து உட்கார்ந்தவர், இன்னும் கூப்பிடவில்லை. இடுப்பில் வேட்டி. அதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. இந்த வார்டில் நீளமான துணி யாருக்கும் கிடையாது. வேட்டி, துண்டு, லுங்கி, அரைஞாண் கயிறு எதுவும் கிடையாது. புத்தி பிசகி உயிரை எடுத்தவர்கள் என்று கோர்ட்டு அனுப்பி வைத்தவர்கள் இருக்கும் இடம், வாசலில் போலீஸ் காவல் வேறு, யார் எப்போது எதில் எதை மாட்டித் தொங்குவான் என்று சொல்ல முடியாது. அதனால் எல்லாருக்கும் இடுப்பில் ரப்பர் வைத்த பச்சைக் கால்சட்டை. காலையில் வார்டர் எட்டியப்பன் ஒரு புது வேட்டியைக் கொண்டுவந்து மடியில் போட்டு, "நல்லா இறுக்கிக் கட்டு பெரியவரே, வழியில அவுந்துச்சுன்னா ஆஸ்பத்திரி மானம் போயிடும்" என்று சிரித்தான். கட்டினார். வலமா இடமா என்று விரல்களுக்கு மறந்துபோயிருந்தது. ரப்பர் தானாகப் பிடித்துக்கொள்ளும், வேட்டியை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்ததிலிருந்து ஒரு கை இடுப்பிலேயே இருந்தது. கையை எடுத்தால் முடிச்சு தளர்வது மாதிரி இருந்தது, பார்த்தால் தளரவில்லை, மறுபடி கையை எடுத்தால் மறுபடி தளர்வது மாதிரி. எழுந்து நிற்கும்போது டாக்டரம்மா எதிரில் அவிழ்ந்து விழுந்தால் என்ன ஆகும்? பார்த்தாயா, இடுப்புத் துணிகூட நிற்காத ஆளை எப்படி வெளியே விடுவது என்று நினைப்பார்கள். வேதகிரி பார்ப்பான். அவன் பார்க்கும்போது அவிழவே கூடாது.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஹனீபா வந்து நின்றான். வாணியம்பாடிப் பக்கம், தோல் ஷாப்பில் வேலை பார்த்தவன், இவருக்கும் முன்னால் உள்ளே வந்தவன். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லி, போகலாம் என்று டாக்டரே சொல்லியும், கூட்டிப்போக ஆள் வராமல் கிடப்பவன். அவன் சொன்ன வீட்டில் போய்க் கேட்டால் அப்படி யாரும் எங்களுக்கு இல்லை என்கிறார்களாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு இவரை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா மாப்ள, நிக்காவா? பொண்ணு எந்த ஊரு?" "போடா." "வேட்டியப் பிடிச்சிக்கினே உக்காந்திருக்கியே, யாரு உருவப் போறாங்க உன்னுத?" துரைக்கண்ணு முடிச்சை இன்னொரு தரம் தடவிப் பார்த்தார். ஹனீபா குரலைத் தணித்தான். "வருவானா தம்பி?" "வரேன்னு சொன்னானாம். சிஸ்டர் சொல்லிச்சு." "சொல்லுவானுங்க. எனக்குக்கூட என் மச்சான் வரேன்னு சொன்னான், அப்புறம் அந்த மச்சான் மவுத்தே ஆயிட்டான், பொதைச்சிட்டாங்களாம்." ஹனீபா சிரித்தான், சிரிக்கும்போது அவன் கண் மட்டும் வாசல் பக்கம் இருந்தது. "போனா ஒண்ணு செய். கேட்டத் தாண்டினதும் எதிர்ல டீக்கடை இருக்குதாம். கண்ணாடி கிளாஸ்ல, நாக்கு பொசுங்கற மாதிரி ஒரு டீ. குடிக்கும்போது என்னை ஒரு தபா நெனச்சிக்க." கண்ணாடி கிளாஸ். அதை நினைத்ததும் துரைக்கண்ணு தன் கையைப் பார்த்தார். இங்கே எல்லாம் பிளாஸ்டிக். டீ ஆறித்தான் வரும், சுடுகிறதை யார் முகத்திலாவது ஊற்றிவிடுவார்கள் என்று ஆற வைத்துத்தான் கொடுப்பார்கள். கையில் கண்ணாடி கிளாஸைக் கொடுத்தால் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியுமா? கை நடுங்கும். மாத்திரை கையை நடுங்க வைத்துவிட்டது. கீழே போட்டு உடைத்தால்? உடைந்த சில்லைக் கையில் எடுத்தால்? எடுக்க மாட்டார், எதற்கு எடுக்கப் போகிறார், ஆனால் பொறுக்கிப் போடக் குனிந்தாலே பக்கத்தில் இருப்பவன் ஒரு அடி பின்னால் போவான். ஒரு அடிதான். அந்த ஒரு அடியை இவர் பார்த்துவிடுவார்.

போன தடவையும் இதே பெஞ்ச் வரை வந்தார். அப்போது வேட்டி கொடுக்கவில்லை, ஆனால் மற்றதெல்லாம் ஆகிவிட்டது, வேதகிரிகூட வந்துவிட்டான் என்றார்கள். டாக்டரம்மா கூப்பிட்டு, தம்பி மேல இன்னும் கோபம் இருக்கா என்று கேட்டார். இவர் நிஜத்தைச் சொன்னார். அவன் மொதல்ல சொன்னத வாபஸ் வாங்கட்டும், அப்புறம் கோபத்தைப் பத்திப் பேசலாம் என்றார். சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே சொன்னார். டாக்டரம்மா நல்ல பெண்தான், முகம் வாடிப்போயிற்று, இன்னும் கொஞ்ச நாள் இருங்க துரைக்கண்ணு, பார்க்கலாம் என்றார். வேதகிரியைப் பார்க்கக்கூட விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் இவருக்கு ஒன்று புரிந்தது. ஊரில் எல்லாரும் தம்பியோடு பேசாமல் இருக்கிறார்கள், வேலித் தகராறில் பேசாமல் இருக்கிறார்கள், தாய் மாமன் சீரில் குறைத்துவிட்டான் என்று சாகும்வரை முகம் கொடுக்காமல் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் அது வைராக்கியம். இவர் வைத்திருந்தால் அது வியாதி. வெளியே இருக்கிறவன் மனசில் வைத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கிறவன் வைத்துக்கொள்ளக் கூடாது. சரி, கூடாது என்றால் கூடாது. இல்லை என்று சொல்லிவிடலாம். அதற்காக இத்தனை நாள் பழகியிருக்கிறார். கக்கூஸில் உட்கார்ந்து பழகினார், சாப்பாட்டு வரிசையில் நின்று பழகினார். இல்லம்மா. கோபமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ரொம்ப வேகமாகச் சொல்லக் கூடாது, ரொம்ப யோசித்தும் சொல்லக் கூடாது. சொல்லும்போது தாடை இறுகக் கூடாது. தாடை இறுகுவதை டாக்டரம்மா பார்ப்பார், அவர்களுக்கு அதற்குத்தான் படிப்பு. துரைக்கண்ணு தாடையைத் தளர்த்திப் பார்த்தார். தளர்த்தினால் வாய் லேசாகப் பிளந்துகொண்டது. அதுவும் நன்றாக இருக்காது. மூடினால் இறுகியது.

வாய் என்றால் இங்கே அது சொந்த வாய் இல்லை. காலை, மத்தியானம், ராத்திரி என்று புனிதா சிஸ்டர் தள்ளுவண்டியோடு வரும். மாத்திரையைக் கையில் போடும், தண்ணீர் கொடுக்கும், விழுங்கியதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கிக் காட்டி, இடது பக்கம் வலது பக்கம் ஒதுக்கிக் காட்டி, சிஸ்டர் "சரி, போ" என்றதும்தான் மூடலாம். வந்த புதிதில் இவர் மூடிக்கொண்டு நின்றதும் உண்டு, அப்போது எட்டியப்பனும் இன்னொருவனும் பிடித்துத் திறந்தார்கள். நாக்குக்கு அடியில் ஒளித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் கடைவாயில் பல் ஒன்று விழுந்து பள்ளமாக இருந்தது, அந்தப் பள்ளத்தில் மாத்திரையை அழுத்தி வைத்துக்கொண்டு நாக்கை எவ்வளவு தூக்கினாலும் தெரியாது. கொஞ்ச காலம் அப்படி வைத்து வைத்துத் துப்பினார். அந்த நாட்களில் பாய்லர் திரும்பப் பேச ஆரம்பித்தது. இந்த ஊரில் ஏது பாய்லர், ஆனால் ராத்திரி சமையல் கூடத்துப் பக்கமிருந்து அதே சீறல், அதே குரல். அதற்கப்புறம் பயந்துபோய் ஒழுங்காக விழுங்கிவிட்டார். மாத்திரை நல்லதுதான். அதை அவர் இல்லை என்று சொல்ல மாட்டார். மாத்திரை பாய்லரின் வாயை மூடிவிட்டது. பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. யோசனை வரும்போதெல்லாம் நாக்கு தானாக அங்கே போய்த் தடவிவிட்டு வரும்.

பாய்லர் என்ன சொன்னது என்பதை அவர் நினைக்க விரும்பவில்லை, ஆனால் பெஞ்சில் சும்மா உட்கார்ந்தால் அது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கன்னியப்பன் மேஸ்திரி உன்னைத் தொட்டியில் போட்டு அவிக்கப் போகிறான் என்றது. உன்னை மட்டும் இல்லை, களத்தில் நெல் தள்ளுகிற பொம்பளைகளையும்தான் என்றது. ஒரு நாள் இரண்டு நாள் சொல்லவில்லை, அறுப்பு முடிந்து மூட்டை மூட்டையாக நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்த அந்தப் பருவம் முழுக்கச் சொன்னது. கன்னியப்பன் பாவம், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "இன்னா கண்ணு, மூஞ்சி ஒரு மாதிரி கீது, தூங்கினியா?" என்று கேட்கத்தான் குனிந்தான். இவர் கையில் உமி தள்ளும் இரும்புக் கம்பி இருந்தது. அதற்குமேல் வேண்டாம். அந்தக் கணக்கு வேறு, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர்தான், அதை யார்மேலும் போடவில்லை. கன்னியப்பனுக்கு ஒரு மகன் இருந்தான். பள்ளிக்கூடப் பையோடு மில் வாசலில் வந்து நிற்பான். இப்போது ஆளாகியிருப்பான். ஊரில்தான் இருப்பானா? பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன் எதிரில் நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு இவர் எங்கே பார்ப்பது? கும்பிடலாமா? கும்பிட்டால் கையை வேட்டியிலிருந்து எடுக்க வேண்டும். வெளியே போகாமல் இருந்துவிடலாம். வேதகிரி வராமல் இருந்தால் நல்லது. வந்துவிடப் போகிறான். வராமல் போய்விடப் போகிறான். இரண்டும் ஒரே அளவு பயமாக இருந்தது, ஒன்றைப் பிடித்துத் தள்ளினால் இன்னொன்று வந்து நின்றது.

நடுவில் ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வருவார். இன்றைக்கும் சுற்றினார். சுற்றியும் கால் அதில்தான் போய் இடறியது. காலிக் குதிர். மழை பொய்த்த வருஷம், நெல் இல்லாமல் வீட்டு மூலையில் வாயைத் திறந்துகொண்டு நின்ற மண் குதிர். பத்து வயசு இருக்கும் இவருக்கு. யாரும் இல்லாத மத்தியானத்தில் அதற்குள்ளிருந்து யாரோ, கண்ணு, டேய் கண்ணு, என்று கூப்பிட்டார்கள். மெதுவாக, பிரியமாகக் கூப்பிட்டார்கள். எக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை, அடியில் கொஞ்சம் பதர். மறுநாளும் கூப்பிட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை, நைனாவிடம் சொல்லவில்லை. வேதகிரியிடம் மட்டும், போர்வைக்குள் தலையை விட்டு, காதில் சொன்னார். அவன் பயந்து அழுதான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா மேல் சத்தியம் வாங்கினார். அப்புறம் மழை வந்தது, நெல் வந்தது, குதிர் நிறைந்தது, குரல் போய்விட்டது. அது காற்றாக இருக்கலாம். வெறும் வயிற்றில் எந்தப் பிள்ளைக்கும் காது அடைத்துக் குரல் கேட்கும். அதைப் போய் பைத்தியம் என்று சொல்ல முடியுமா? ஆனால் வேதகிரி சொல்லவில்லை. அடிவாங்கின போதும் சொல்லவில்லை, இவரோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தபோதும் சொல்லவில்லை, கல்யாணம் ஆகிப் பெண்டாட்டி வந்த பிறகும் சொல்லவில்லை. கோர்ட்டில்தான் சொன்னான். அப்படியானால் கூண்டில் நின்று அவன் சொன்னது என்ன? பொய்யா? சத்தியத்தை மீறினதா? பொய் என்றால் பொய் சொன்ன குற்றம். பொய் இல்லை என்றால் வாக்கு மீறின குற்றம். எப்படித் திருப்பிப் போட்டாலும் தப்பு அவன் பக்கம்தான். அவன் பக்கம்தான் இருக்க வேண்டும். அவன் பக்கம் இல்லை என்றால், குதிரிலிருந்து பாய்லர் வரைக்கும் ஒரே குரல்தான் என்றால், நடுவில் தோளில் தூக்கிப் போனது, பாயில் உட்கார்ந்து பேசியது, நெல் அவித்தது, எல்லாம் யார்? துரைக்கண்ணு வேட்டி முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் இறுக்கிக் கட்டினார்.

"துரைக்கண்ணு, உள்ள வாங்க." டாக்டரம்மா குரல். எழுந்தார். வேட்டி நின்றது. உள்ளே வேதகிரி உட்கார்ந்திருந்தான், எந்த வாசல் வழியாக எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கிழவனாகியிருந்தான். அது இவர் எதிர்பார்க்காதது. இத்தனை காலமும் இஸ்திரி போட்ட சட்டைக்காரன் ஒருவனோடுதான் மனசில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், இங்கே கன்னம் ஒட்டி, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு, நைனா ஜாடையில் ஒருவன் எழுந்து நின்றான். "ண்ணா. நல்லா கீறியா ண்ணா?" "ம்." "எளச்சிட்டியே." "நீ மட்டும் இன்னாவாம்." டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் சிரிப்பை எடுத்து ஓரம் வைத்துவிட்டு, நேராகப் பார்த்தார். "துரைக்கண்ணு, தம்பி எதிர்லயே கேட்கறேன். அவர் மேல கோபம் ஏதாவது மனசுல இருக்கா?" நாக்கு பள்ளத்துக்குப் போயிற்று. தாடை. தாடையைத் தளர்த்து. வேதகிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சொல்லலாம், நீ சொல்லுடா வேதகிரி, இந்த அம்மா காதில் விழும்படி சொல்லு, அதற்கு முன்னால் நான் நன்றாக இருந்தேனா இல்லையா? கேட்கலாம். கேட்டால் பச்சைக் கால்சட்டை. "இல்லம்மா" என்றார். "கோபமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா." "மனசாரவா?" "மனசாரத்தாம்மா." டாக்டரம்மா வேதகிரி பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இவரைக் கூட்டிட்டுப் போறதுல பயம் ஏதாவது?" வேதகிரி பையின் காதைத் திருகினான். "எனக்கு இல்லீங்க. ஊட்டுக்காரிக்குக் கொஞ்சம் பயம். பேரப்புள்ளைங்க கீது, அதான். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல தனியா ஒரு ரூம் போட்டிருக்கேன், ஃபேன் மாட்டியிருக்கேன். மாத்திரையை நானே என் கையால குடுத்துடறேன். கன்னியப்பன் புள்ளைகிட்டயும் போய்க் கால்ல விழாத குறையாப் பேசிட்டேங்க. எங்க தெரு பக்கம் மட்டும் அவர் வர வேணாம், மத்தபடி நான் ஒண்ணும் செய்ய மாட்டேன்னுட்டான்." இவ்வளவும் செய்திருக்கிறான். அதற்கு நன்றி என்று நினைக்கத் துரைக்கண்ணுவுக்கு மனசு வரவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ரூம். அந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? உள்ளேயா, வெளியேயா? வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அதையும் விழுங்கினார்.

வார்டுக் கதவு திறந்தது, அதற்கப்புறம் இன்னொரு கதவு, அதற்கப்புறம் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்த கதவு. ஹனீபா கம்பிக்குப் பின்னாலிருந்து, "மாப்ள, டீ, மறந்துடாத" என்று கத்தினான். திரும்பிப் பார்த்தால் போக முடியாதோ என்று பயந்து துரைக்கண்ணு திரும்பாமலே தலையை ஆட்டினார். எட்டியப்பன் கேட் வரை வந்து, வேதகிரியிடம், "பத்திரமாக் கூட்டிட்டுப் போங்க, தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டு, அது எல்லாரையும் பற்றிச் சொல்கிற சொல்தான் என்பது தெரியும்படி உடனே திரும்பிப் போய்விட்டான். வெளியே சத்தம். பஸ்காரன் ஹாரன், பழவண்டிக்காரி, செல்போனில் கத்திக்கொண்டு போகிற பெண், எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் காதுக்குள் ஏற இடம் தேடியது. இதில் எது நிஜச் சத்தம், எது இல்லை? எல்லாம் நிஜம்தான், எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்களே. அவர்கள் திரும்பிப் பார்த்தால் அந்தச் சத்தம் நிஜம். அப்படித்தான் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். தெருவைத் தாண்டும்போது வேதகிரி இவர் கையைப் பிடித்துக்கொண்டான். வேட்டியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு இன்னொரு கையைப் பிடித்தான். அதுவரை அவன் செய்ததிலேயே நல்ல காரியம் அது. "டீ சாப்பிடறியா ண்ணா? பஸ்ஸுக்கு நேரம் கீது." "கண்ணாடி கிளாஸ்ல இருக்குமா?" "பின்ன எதுல தருவாங்க?" வேதகிரி சிரித்தான், அந்தச் சிரிப்பில் முன்பல்லுக்குப் பக்கத்துச் சந்து அப்படியே இருந்தது, தோளில் உட்கார்ந்து போன பையனுடைய சந்து.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் லோடு இறக்குகிற ஆட்கள் இரண்டு பேர் பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். கிளாஸ் வந்தது. சூடு விரல் நுனியில் ஏறியது. இரண்டு கையாலும் பிடித்தார், நடுங்கியது, சிந்தவில்லை. ஹனீபாவை நினைத்துக்கொண்டார். ஊதி ஊதிக் குடித்தார். நாக்கு பொசுங்கியது, கண்ணில் நீர் வந்தது, நெஞ்சு வழியாகச் சூடு இறங்கி வயிற்றில் போய் உட்கார்ந்தது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று இருந்தது. இப்போது கேட்கலாம். இங்கே டாக்டரம்மா இல்லை, கம்பி இல்லை. இரண்டு லோடுமேன் இருக்கிறார்கள், மாஸ்டர் இருக்கிறார், இன்னொரு மனுஷன் காது என்பதற்கு இவர்கள் போதும். வேதகிரி, ஒண்ணு கேக்கணும் என்று ஆரம்பிக்க வேண்டும். கோபமாக இல்லை, சும்மா. கடைசி மடக்கை விழுங்கினார், கிளாஸைக் கீழே வைத்தார், வேதகிரி பக்கம் முகத்தைத் திருப்பினார், வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து கேள்வி வரவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டது. தூக்கி, இடது பக்கம் ஒதுங்கி, வலது பக்கம் ஒதுங்கி, மறுபடி மேலே போய் நின்றது. நிற்கிறது என்று அவருக்கே தெரிந்தது. மூடு, மூடு என்று சொன்னார், யாருக்குச் சொன்னார், வாய் கேட்கவில்லை. சரி, போ என்று ஒருவர் சொன்னால் மூடும். வேதகிரி சொல்லலாம். அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் கண் விரிந்து, இவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தான், குதிருக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. லோடுமேன்களில் ஒருவன் பன்னோடு பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அந்தக் கொஞ்சத்தைத் துரைக்கண்ணு பார்த்துவிட்டார். டீ மாஸ்டர் பாய்லர் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க ஆச்சு பெரியவருக்கு?" என்றார்.

வேதகிரி எழுந்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து, இவர் மோவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தான். மெதுவாகத்தான் துடைத்தான், குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி. இன்னொரு கையால் இவர் தாடையைத் தாங்கி வாயை மூடிவிட்டான். நாலு பேர் பார்க்கிறார்களே, அண்ணனுக்கு மானம் போகக் கூடாதே என்ற தவிப்பு அந்தக் கையில் இருந்தது, அதுவும் இவருக்குத் தெரிந்தது. அப்புறம் மாஸ்டரைப் பார்த்து, சமாதானம் சொல்கிற குரலில், ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னான். "ஒண்ணுமில்ல மாஸ்டர். பயப்படாதீங்க. எங்க அண்ணன்தான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

பஸ் வந்தது. "வா ண்ணா" என்றான். துரைக்கண்ணு ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், இன்னொரு கை அவன் கைக்குள் இருந்தது, அதை உதறவில்லை. உதறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும், இன்னும் கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். வேதகிரி பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப் பார்த்துத் திரும்ப உள்ளே வைத்தான். "மத்தியானத்துக்கு ஒண்ணு கீது ண்ணா, வழியில குடுக்கறேன்." துரைக்கண்ணு தலையை ஆட்டினார். கொடுக்கட்டும். விழுங்குவார். விழுங்கி, நாக்கைத் தூக்கியும் காட்டுவார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். அவன் தர வேண்டியது அப்படியே இருந்தது. நேற்று ஒன்றாக இருந்தது, இப்போது இரண்டு. வாயை இறுக மூடிக்கொண்டார். நாக்கு மட்டும் உள்ளே நகர்ந்து, கடைவாய்ப் பள்ளத்தைத் தடவி, இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தது.